போரூர் மெட்ரோ பக்கம் வீடு வாங்கினால் பைக்கை விற்றுவிடலாமா?

போரூரில் வாடகைக்கு இருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "பூந்தமல்லி மெட்ரோ வருகிறது. ஸ்டேஷன் பக்கத்தில் ஃபிளாட் வாங்கலாமா? ஆற்காடு ரோட்டில் டிராஃபிக் குறையுமா? டி.ஓ.டி. என்று பில்டர்கள் விளம்பரம் போடுகிறார்களே, அது என்ன?" பார்க்க மூன்று கேள்வி. எனக்கென்னவோ அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான் என்று படுகிறது: பைக் இல்லாமல் இந்த ஊரில் காலம் தள்ள முடியுமா? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் மற்ற மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

இருபது வருடத்துக்கு மேலாகப் போக்குவரத்துத் திட்டமிடலில் இருக்கிறேன். பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால், மீதி நாள் ஸ்டேஷன் வாசலிலும் பஸ் ஸ்டாப்பிலும் நின்று ஆள் எண்ணுகிற வேலை. எந்தப் பாதையில் எவ்வளவு பேர் போவார்கள், எங்கே நடப்பார்கள், எங்கே நடக்க மறுப்பார்கள் என்று ஓரளவு சொல்ல முடியும். நில விலை ஜோசியம் என் தொழில் இல்லை. அந்த விஷயத்தில் என் பேச்சை நம்பி யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ வந்தால் ரோட்டில் நெரிசல் குறையாது. அண்ணா சாலையின் பெரும்பகுதிக்கு அடியில் 2019 முதல் ரயில் ஓடுகிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேலே போய்ப் பாருங்கள், ரோடு காலியாகவா இருக்கிறது? ரயிலுக்கு மாறியவர்கள் விட்டுப்போன இடத்தில் வேறு யாரோ வண்டியோடு வந்துவிடுகிறார்கள். நெரிசலுக்குப் பயந்து வீட்டோடு இருந்தவர், முன்பு வேறு வழியில் சுற்றிப் போனவர், புதிதாகக் கார் வாங்கியவர் என்று ஆள் பஞ்சமே இருப்பதில்லை. இது சென்னைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, உலகம் முழுக்க இதே கதைதான். மெட்ரோ தருவது நெரிசலில் மாட்டாமல் போக ஒரு மாற்று வழி. உங்கள் தடத்துக்கான மூன்று பெட்டி ரயில் ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் பேர் போகலாம். ஆற்காடு ரோடு சிக்னலில் எத்தனை முறை பச்சை விழுந்தால் அத்தனை பேர் தாண்டுவார்கள் என்று கணக்குப் போட்டால் அதன் மதிப்பு புரியும். அந்த மாற்று வழி உங்களுக்குக் கைக்கு எட்டுமா என்பதுதான் கேள்வி. டி.ஓ.டி. என்பதும் அதைப் பற்றியதுதான்.

டிரான்சிட் ஓரியன்டட் டெவலப்மென்ட் என்பதைத்தான் சுருக்கி டி.ஓ.டி. என்கிறார்கள். ரயிலை நம்பி ஊரைக் கட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசு 2017ல் இதற்கென்றே தேசியக் கொள்கை ஒன்று வெளியிட்டது. ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர், அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிட நடைக்குள், வீடும் கடையும் அலுவலகமும் நெருக்கமாக வரவேண்டும், நடக்க வசதி இருக்கவேண்டும், வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைக்கவேண்டும் என்பது சாரம். புதிய தத்துவம் போலப் பேசுகிறார்களே தவிர, சென்னைக்கு இது பழைய பழக்கம். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931ல் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தை ஒட்டித்தான் மேற்கு மாம்பலமும் குரோம்பேட்டையும் பழவந்தாங்கலை நம்பிய நங்கநல்லூரும் பெருகின. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வீடு பார்க்கும்போது தண்ணீர் எப்படி என்று கேட்ட கையோடு "ஸ்டேஷன் நடக்கிற தூரமா?" என்று கேட்பார்கள். ரங்கநாதன் தெருவைவிடப் பெரிய டி.ஓ.டி. எங்கே இருக்கிறது? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியவர் பத்தடி வைத்தால் கடை. யாரும் கொள்கை எழுதி அதை உண்டாக்கவில்லை. நெரிசலிலும் தீ விபத்து பயத்திலும் அது ஒரு முன்மாதிரி இல்லைதான். ஆனால் மக்கள் கூட்டம் எதற்காக நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இதற்கு நேர் எதிரான பாடமும் நம் ஊரிலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் சென்னையில் டி.ஓ.டி. பேசுவது வீண். பறக்கும் ரயிலைச் சொல்கிறேன். 1995ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997ல் மயிலாப்பூர், 2004ல் திருவான்மியூர், 2007ல் வேளச்சேரி என்று தவணை முறையில் வந்தது. திருமயிலை ஸ்டேஷனுக்குள் போயிருக்கிறீர்களா? பிளாட்பாரத்துக்குப் போகும் முன் தாண்டவேண்டிய அந்தக் கூடங்களில் ஒரு கல்யாணம் நடத்திப் பந்தியும் போடலாம். கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகையில் ரயில் ஓடும் என்று நம்பித்தான் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். பெரும்பகுதி புறாக்களுக்குத்தான் பயன்பட்டது. ஏன் என்று யோசித்தால் பல காரணம் சொல்லலாம். நான் முதலில் வைப்பது பக்கிங்காம் கால்வாயை. நிலம் கையகப்படுத்தும் தொல்லை வேண்டாம் என்று கால்வாயிலேயே தூண்களை இறக்கிப் பாதை போட்டார்கள். நிலத்துக்குக் காசு மிச்சம். ஆனால் கால்வாய் ஓரம் என்பது எப்போதுமே ஊரின் முதுகுப் பக்கம். கடைத்தெருவின் முகம் வேறு பக்கம் பார்த்திருக்கும். ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டால், அக்கரையில் இருப்பவர் பாலம் தேடிப் போகவேண்டும். சாக்கடை நாற்றத்தைத் தாண்டி, விளக்கில்லாத சந்து வழியாக. காகிதத்தில் 300 மீட்டர் என்பது காலுக்கு 900 மீட்டர் ஆகிவிடும்.

அதே தடத்தில் திருவான்மியூர் ஸ்டேஷன் மட்டும் வேறு மாதிரி. காலையில் ரயில் வந்து நின்றால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு படையே இறங்கும். 2000ல் திறந்த டைடல் பார்க் நடக்கிற தூரத்தில் இருப்பதுதான் காரணம். இதிலிருந்து நான் கற்றதை உங்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் தவறவிடுகிறார்கள். வீட்டுப் பக்கம் ஸ்டேஷன் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சமாளிக்கலாம். உங்கள் பைக் அங்கே இருக்கிறது, வீட்டில் யாராவது கொண்டுவந்து விடுவார்கள், ஷேர் ஆட்டோ பழக்கப்பட்டது. அலுவலகப் பக்கம் உங்களுக்கு வண்டி கிடையாது. இறங்கி நடக்கமுடியாத இடத்தில் அலுவலகம் இருந்தால், ஒரு மாதம் முயன்றுபார்த்துவிட்டு இரண்டாம் மாதம் பைக்குக்குத் திரும்பிவிடுவீர்கள். ஆகவே "வீட்டிலிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம்" என்று கேட்பதற்கு முன் "ஸ்டேஷனிலிருந்து என் வேலை எவ்வளவு தூரம்" என்று கேளுங்கள். உங்கள் தடம் போரூரிலிருந்து ஆற்காடு ரோடு வழியாக வடபழனி, கோடம்பாக்கம், பனகல் பார்க், நந்தனம், மயிலாப்பூர், கலங்கரை விளக்கம் என்று போகிறது. வேலை இந்த வரிசையில் எங்காவது இருந்தால் யோகம். வடபழனியிலும் நந்தனத்திலும் இப்போது ஓடும் தடங்களுக்கு மாறலாம் என்பதால் கிண்டியும் ஆலந்தூரும்கூடப் பரவாயில்லை. மணப்பாக்கம் ஐ.டி. பார்க் பக்கம் வேலை என்றால் இந்தத் தடம் உங்களுக்காகப் போட்டது இல்லை.

இனி பில்டர் விளம்பரம். டி.ஓ.டி. என்றால் உயரமான கட்டிடம் என்று அவர்கள் சொல்லாமல் சொல்கிறார்கள். இங்கே எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் அளவைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் சாதாரணக் கட்டிடத்துக்கு 2, உயர்கட்டிடத்துக்கு 3.25 என்று வைத்தன. அதற்கு மேல் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம், ரோட்டு அகலத்தைப் பொறுத்து 50 சதவீதம் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் அந்த "ரோட்டு அகலத்தில்"தான். உயர்கட்டிடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் ரோடு வேண்டும், முழு 3.25 வேண்டுமென்றால் 18 மீட்டர். வளசரவாக்கத்திலும் ஆலப்பாக்கத்திலும் மெயின் ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே போங்கள். அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகள், இருபதடித் தெருக்கள். தீயணைப்பு வண்டி நுழையாத தெருவில் பத்து மாடி கட்டக்கூடாது என்பது நியாயம்தான். விளைவு, ஸ்டேஷனிலிருந்து நடந்து எட்டும் நிலத்தில் பெரும்பகுதி நான்கு மாடியைத் தாண்டாது. பெரிய மனையும் அகல ரோடும் கிடைக்கும் இடம் ஊருக்கு வெளியே, ஸ்டேஷனிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி. அங்கே இருபது மாடி எழும்பும், ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் கார் பார்க்கிங்கோடு, "மெட்ரோ அருகில்" என்ற பலகையோடு. அதை டி.ஓ.டி. என்று நான் சொல்லமாட்டேன். மெட்ரோ பெயரில் கார் விற்கிற வேலை அது.

அடர்த்தி கூடினால் வண்டி குறையுமா என்பதில் எனக்கே முழு நிச்சயம் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். வெளிநாட்டு நகரங்களில் குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே பார்க்கிங் விலை உயர்ந்தது, நடைபாதை இருந்தது, பஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தது. ஹாங்காங்கில் ஸ்டேஷனுக்கு மேல் கட்டும் உரிமையை ரயில் நிறுவனத்துக்கே பழைய நில விலையில் கொடுத்து, ரயிலால் ஏறிய விலையிலிருந்து ரயிலுக்குப் பணம் எடுத்தார்கள். இங்கே உங்கள் தடமும் அடங்கிய இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், 118.9 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 530 கோடி. அதில் பெரும்பங்கு வெளிநாட்டுக் கடன். அந்தக் காசால் ஏறும் மனை விலை, ஏற்கெனவே மனை வைத்திருந்தவர் சட்டைப்பைக்குள் போகிறது. நீங்கள் இப்போது ஃபிளாட் வாங்கினால் அவருக்குப் பணம் கொடுக்கிறவர் நீங்கள். விலை பற்றி என்னால் தைரியமாகச் சொல்லமுடிந்தது இவ்வளவுதான்: மெட்ரோவுக்கான ஏற்றத்தில் பெரும்பகுதி அறிவிப்பிலும் தூண் எழும்பும்போதுமே நடந்து முடிந்துவிடும். திறந்த பிறகு இன்னொரு தடவை ஏறும் என்று சொல்பவர் உங்களுக்கு எதையோ விற்கிறார்.

நடைபாதையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். முதல் கட்டத்தின் ஒரு ஸ்டேஷன் வாசலில், ஐப்பசி மாதம், மாலை ஏழு மணி. வெளியே வருகிறவர்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, ஜவுளிக்கடைச் சீருடைப் புடவை, கையில் டிபன் பை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன், முக்கால் கிலோமீட்டர்தான் என்றார். அனுமதி கேட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். ஸ்டேஷன் எல்லை வரை கிரானைட் போட்ட நடைபாதை, நன்றாக இருந்தது. எல்லை முடிந்த இடத்தில் ஓரடி பள்ளம். பிறகு மின்சாரப் பெட்டி, அதைச் சுற்றிவர ரோட்டில் இறங்கினோம். அடுத்து டீக்கடை, வரிசையாகப் பைக்குகள், மறுபடி ரோடு. ஒரு இடத்தில் மழைநீர் வடிகால் மூடி திறந்து கிடக்க, யாரோ புண்ணியவான் அதில் மரக்கிளை நட்டு வைத்திருந்தார். பாதி தூரம் போனதும் அந்த அம்மா நின்றார். "தினமும் இங்கே வரைக்கும் நடந்து பார்ப்பேன் தம்பி, அப்புறம் ஆட்டோதான்," என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். மெட்ரோவுக்கு இருபது ரூபாய், அந்த மீதித் தூரத்துக்கு மேலே ஒரு இருபது. மாதக் கணக்குப் போட்டால் அவர் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. ரயிலும் ஸ்டேஷனும் குறையில்லாமல் வேலை செய்தன. அவரைத் தோற்கடித்தது ஒரு மின்சாரப் பெட்டியும் ஒரு மூடியும்.

செய்யமுடியாத காரியமா என்றால் இல்லை. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023ல் திறந்தார்கள். தியாகராய சாலையில் 2019ல் நடைபாதையை அகலப்படுத்தியபோது வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள், தீபாவளிக் கூட்டம் குறையவில்லை. மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கை எழுதிவைத்திருக்கிறது. ஆனால் ரயில் ஒருவர் கையில், பஸ் ஒருவர் கையில், தெரு மாநகராட்சி கையில், பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை கையில், கட்டிட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. கையில். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையத்துக்கு 2010ல் சட்டம் போட்டார்கள். முதல்வர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022ல். பன்னிரண்டு வருடம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோது, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது, நிற்க ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் அலைந்தார்கள். பஸ்ஸும் ரயிலும் கூப்பிடு தூரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே போன காட்சி அது. 2025ல் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம் என்பது நல்ல சேதி. போனில் சேர்ந்தவை தரையிலும் சேரவேண்டும்.

பஸ்ஸை நான் கடைசியில் வைத்ததற்கு மன்னிக்கவும், உண்மையில் அது முதலில் வந்திருக்கவேண்டும். 2024ல் மெட்ரோவில் நடந்த பயணம் 10.52 கோடி, நாளுக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாநகரப் பேருந்தில் அதைப்போலப் பத்து மடங்கு பேர் போகிறார்கள். ஒரு பஸ் ஒன்றரைக் கோடி என்றே வைத்தாலும் ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலைக்கு 350 பஸ் வாங்கலாம். ஓட்டுநர் சம்பளமும் டிப்போவும் வேறு கணக்கு என்பது தெரியும், ஆனாலும் அந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வந்ததும் "பஸ் தடங்களைச் சீரமைக்கிறோம்" என்பார்கள். நீளத் தடத்தை வெட்டி ஸ்டேஷனோடு நிறுத்திவிடுவது அதில் ஒரு வகை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்கவேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து காசில்லாமல் தி.நகர் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த பஸ் பாதியில் நின்றால், மீதி வழிக்கு மெட்ரோ என்பது வசதி இல்லை, புதுச் செலவு. நான் கலந்துகொண்ட கூட்டங்களில் இந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அவர்தான் இந்த ஊரில் நிஜமாகவே வண்டியில்லாமல் வாழ்கிறவர். ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை ஏறினால் முதலில் வெளியே போவதும் அவர் குடும்பம்தான். நகர நடுவில் நீர்நிலை ஓரம் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம், வேலை பழைய இடத்திலேயே இருந்தது. டி.ஓ.டி. பகுதியில் சிறிய வீடுகளுக்கும் குறைந்த வாடகைக்கும் கட்டாய ஒதுக்கீடு இல்லாவிட்டால், ரயிலில் ஏறுகிறவர்களை வெளியேற்றிவிட்டுக் கார் வைத்திருப்பவர்களை ஸ்டேஷன் பக்கம் குடியேற்றியதாக முடியும்.

சரி, உங்கள் ஃபிளாட். "ஸ்டேஷனிலிருந்து 400 மீட்டர்" என்று போட்டிருந்தால் அது வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தது. நீங்கள் மாலை ஏழு மணிக்கு, முடிந்தால் மழை பெய்த மறுநாள், இரண்டு கிலோ காய்கறிப் பையோடு நடந்து பாருங்கள். வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். எத்தனை முறை ரோட்டில் இறங்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஸ்டேஷனுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறதா, உங்கள் பக்கத்து வாசலில் லிஃப்ட் உண்டா என்று பாருங்கள். ஆலப்பாக்கத்திலிருந்து ஆழ்வார்திருநகர் வரை இரண்டு தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகின்றன, மேல் தடத்து ஸ்டேஷன் தரையிலிருந்து நல்ல உயரம், அங்கே லிஃப்ட் இல்லாவிட்டால் முட்டி வலிக்காரர்களுக்கு ரயில் இல்லை என்றே அர்த்தம்.

பைக்கை விற்கவேண்டாம். நான் பார்த்தவரை மெட்ரோ பக்கம் குடிவந்தவர்கள் முதல் வண்டியை விடுவதில்லை, இரண்டாவது வண்டி வாங்குவதைத்தான் விடுகிறார்கள். காருக்குக் கடன் போடும் யோசனை இருந்தால் அதை மட்டும் தள்ளிவையுங்கள். வாடகை வீட்டில் இன்னும் ஒரு வருடம் இருக்கமுடியுமென்றால் இருந்துகொள்ளுங்கள். ரயில் ஓடத் தொடங்கி ஒரு மழைக்காலம் போனால், ஸ்டேஷனுக்கும் நீங்கள் பார்த்த ஃபிளாட்டுக்கும் நடுவில் உள்ள தெருவில் யார் கல் பதித்தார்கள், யார் மறுபடி தோண்டினார்கள் என்பது தெரிந்துவிடும்.